சுக்கான் பிடிப்போரின் கல்வி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பறக்கும் விமானம் அடுத்த சில நொடிகளில் எங்கிருக்கும் என்று கணித்துப் பீரங்கியைத் திருப்பும் வழியை அமெரிக்கக் கணித அறிஞர் நோபேர்ட் வீனர் ஆராய்ந்தார். விளைவைக் கண்டு செயலைத் திருத்திக்கொள்ளும் பின்னூட்ட முறை விலங்குக்கும் இயந்திரத்துக்கும் பொது என்பது அவர் கண்ட முடிபு. 1948 இல் வெளிவந்த தம் நூலுக்கு, சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைபர்நெற்றிக்ஸ்’ எனப் பெயர் சூட்டினார்.

பல்கலைக்கழகங்களோ இக்கலையைக் கூறுபோட்டன. இயந்திரங்களின் இயக்கத்தைப் பயில்வோர் ஒரு மண்டபத்திலும், கணினி பயில்வோர் வேறொரு மண்டபத்திலும் அமர்ந்தனர். கணினி மாணவனுக்கு விடை சரியாயிருந்தாற் போதும். தாமதம் குறையேயன்றிப் பிழையன்று. ஆனால் ஓடும் மோட்டார் வண்டியின் பிரேக்கைக் கணினி ஆளும்போது, பிந்தி வரும் சரியான விடையும் பிழையே. காலத்தை மறந்த பாடத்திட்டம் உயிருக்கே உலை வைக்கக்கூடும்!

2006 அளவில், அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஹெலன் கில் அம்மையார், இவ்விரு கல்வியையும் இணைக்கும் துறைக்குச் ‘சைபர் பௌதிகத் தொகுதிகள்’ என்று பெயரிட்டார். பேர்க்கிலிப் பேராசிரியர்களான எட்வேட் லீ, சஞ்சித் சேஷியா ஆகியோரின் பாடநூல் 2011 இல் வெளிவந்தது. கணினி நூலென்று அதனைத் திறக்கும் மாணவன், தொடக்கத்திலேயே நியூட்டனின் இயக்க விதிகளையும் ஒரு ஹெலிகொப்டரையும் காண்கிறான். வால் விசிறி இன்றேல் உடலே சுழன்றுவிடும் அவ்வூர்தியை நிலைநிறுத்தப் பயன்படுவது, வீனர் விரித்துரைத்த அதே பின்னூட்டம்.