செஞ்சிக் கோட்டையும் ஆசிரியர் ஆய்வும்: அறிவியல் கல்வியில் தொழில்சார் முனைவர் பட்டம்

முன்னுரை

செய்வோரின் அறிவு ஏட்டில் ஏறாதபோது அது அவர்களுடனேயே மறைந்துவிடுகிறது. கட்டடக்கலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை கற்பித்தலுக்கும் பொருந்தும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றை இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரின் பட்டறிவை ஆய்வாக்கும் தொழில்சார் முனைவர் பட்டத்தின் தேவையைச் செஞ்சியின் வரலாற்றெழுதியலோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

செஞ்சி வரலாறு எழுதப்பட்ட முறை

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சி, இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை நகரமாகும். 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை நீடித்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761-இல் ஆங்கிலேயரிடமும் கோட்டை சென்றது. இவ்வரசியல் வரலாற்றைச் சி.எஸ். சீனிவாசாச்சாரி விரிவாகத் தொகுத்தார். 1943-இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் தலைப்பே செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் முன்னிறுத்துகிறது.

நெடிய முற்றுகையைக் கோட்டை தாங்கியதில் மதிலுக்கு மட்டுமன்றி நீர்நிலைகளுக்கும் தானியக் களஞ்சியங்களுக்கும் பங்குண்டு. சக்கரக்குளம், செட்டிக்குளம், கல்யாண மகாலுக்கு நீர் கொணர்ந்த சுடுமண் குழாய்கள், இராசகிரி உச்சிக்கு முன்னுள்ள பாறைப் பிளவைக் கடக்கும் பாலம் ஆகியவை பொறியியல் அறிவின் சான்றுகள். ழான் தெலோஷின் ஆய்வு கட்டடங்களையே முதன்மைச் சான்றாகக் கொண்டு செஞ்சியை நகரமைப்பு நோக்கில் அணுகியது. எனினும், கட்டியோர் எவ்வாறு கணக்கிட்டனர், எதில் தவறித் திருத்தினர் என்பவற்றை எஞ்சிய கற்களிலிருந்தே ஊகிக்க வேண்டியுள்ளது.

தொழில்சார் முனைவர் பட்டத்தின் தோற்றம்

வகுப்பறை அறிவுக்கும் இதே நிலை நேராதிருக்க உயர்கல்வி கண்ட வழிகளுள் ஒன்று தொழில்சார் முனைவர் பட்டம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920-இல் கல்வியியல் பட்டப்பள்ளியைத் தொடங்கி, இதற்கெனத் தனிப் பட்டத்தை உருவாக்கியது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1992-இல் இத்தகைய படிப்பைத் தொடங்கியது. எனினும், வழக்கமான முனைவர் பட்டத்திலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்னும் வினா நீடித்தது. இதனைத் தெளிவுபடுத்த 2007-இல் தொடங்கிய கார்னகி திட்டம், ஆய்வாளர் தம் பணியில் எதிர்கொள்ளும் சிக்கலையே ஆய்வின் மையமாக்கியது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் கல்வியியலின் முதல் முனைவர் பட்டத்தை 1943-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் வழங்கியது. 1974-இல் மும்பையில் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அறிவியல் கல்வியைத் தனி ஆய்வுத் துறையாக வளர்த்தது. மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களின் கருத்துகள் பாடநூல்களைத் திருத்த உதவின. ஆனால், அவ்வுழைப்பு அவர்களுக்கு ஆய்வுப் பட்டமாக அமையவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் பணியில் இருப்போர் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள வழிசெய்துள்ளன. இது காலத் தடையைத் தளர்த்துகிறது. எனினும் பகுதிநேரம் என்பது ஆய்வின் காலத்தைக் குறிக்குமேயன்றி, அதன் இயல்பைக் குறிக்காது.

செஞ்சி வகுப்பறை: ஓர் ஆய்வுச் சிக்கல்

செஞ்சிப் பகுதி ஆசிரியர் ஒருவர் கல்யாண மகாலின் உயரத்தை நிழலளவு கொண்டு மாணவரைக் கணக்கிடச் செய்யலாம். வடிவொத்த முக்கோணங்களைக் கரும்பலகையில் மட்டும் கற்றவரைவிட இவர்கள் தெளிவாக உணர்கின்றனரா? நீர் தன் மட்டத்தை நாடும் என்னும் கருத்தைச் சுடுமண் குழாய் விளக்குமா, குழப்புமா? இவ்வினாக்களை அவர் ஆண்டுதோறும் சோதித்து, மாணவர் தவறுகளையும் தம் திருத்தங்களையும் பதிவு செய்தால் அது முறையான ஆய்வுத் தரவாகும். பாடம் வெற்றி பெற்றது என்னும் அறிக்கை மட்டும் போதாது. தோல்வியும் அதன் காரணமும் இடம்பெற வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திற்கு ஊறு நேராத அளவீட்டு முறையும் ஆய்வறத்தில் அடங்கும்.

முடிவுரை

2025-இல் மராட்டிய இராணுவ நிலவமைப்புகளுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இதனால் கற்களுக்குப் பாதுகாப்பு வலுப்பெறும். அக்கற்களைக் கொண்டு கற்பிக்கும் ஆசிரியரின் அறிவுக்கோ பல்கலைக்கழகமே பாதுகாப்பாக வேண்டும். பணிச் சிக்கலை ஆய்வுச் சிக்கலாக ஏற்கும் முனைவர் பட்டத்தைத் தமிழகப் பல்கலைக்கழகங்கள் வகுக்குமாயின், செஞ்சியைக் கட்டியோர்க்கு வாய்க்காத எழுத்துப்பதிவு, அங்குக் கற்பிப்போர்க்கேனும் வாய்க்கும் எனலாம்.