புல்லுக்கு இறைக்கும் நீர்

கடந்த கோடையில் ரொறன்ரோவின் புறநகர் ஒன்றில், தங்கை மகனின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவ்வேளையில் அவர் தமது வீட்டு முற்றத்துப் புற்றரைக்குத் தாமாகவே தூவல் நீர்ப்பாசனக் குழாய்களைப் பதித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. முதல் நாள் வெளிக்குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடிகள் செல்கின்றன என்று அளந்தார். ஒரே நேரத்தில் எத்தனை தூவிகளை இயக்கலாம் என்பது அந்தக் கணக்கிலேயே தங்கியிருக்கிறதாம். பின்னர் கயிறு பிடித்து, ஒரு தூவியின் நீர் அடுத்த தூவியின் அடிவரை எட்டும்படியாக இடங்களைக் குறித்தார். அகழி வெட்டி, குழாய் பதித்து, தோட்டத்து நீர் நகரக் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிச் செல்லாது தடுக்கும் வால்வையும் பொருத்தினார். பனிக்காலத்துக்கு முன்னர் குழாய்களில் எஞ்சியுள்ள நீரைக் காற்றழுத்தத்தால் ஊதி வெளியேற்றாவிடில் அது உறைந்து குழாய் வெடித்துவிடும் என்றும் விளக்கினார். நான் நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறு பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையாளனுக்குக் கைவந்த தொழில் அதுதானே.

வேலை முடிந்த மாலை அவர் சொன்னார்: “மாமா, அடுத்த வருசம் ஊர் வீட்டிலும் இதையே பூட்டப் போறன். அப்பு தோட்டம் செய்த காணி சும்மாதானே கிடக்குது. புல்லுப் பதிச்சால் வடிவாயிருக்கும். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவருடைய அப்பு என்பவர் எனது தந்தையார். அந்தக் காணியும் கிணறும் தங்கைக்குச் சீதனமாகப் போனவை. உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தயக்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வீட்டின் முன்னால் உண்ண உதவாத புல்லை வளர்ப்பது ஐரோப்பியப் பிரபுக்களின் வழக்கமாயிருந்தது. விளையும் நிலத்தை வீணே விட்டுவைக்கத் தமக்கு வசதியுண்டு என்பதை அது ஊருக்கு உணர்த்திற்று. 1830 இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கிய பின்னர்தான் நடுத்தர வர்க்கத்தினருக்கும் அது கைகூடியது. புற்றரைக்கு நீர் தூவும் கருவிக்கு 1871 இல் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் காப்புரிமை பெறப்பட்டது. ஆயினும் இன்றைய தூவல் முறையின் திருப்புமுனை பிரபுக்களின் மாளிகையில் நிகழவில்லை. கலிபோர்னியாவின் கிளெண்டோராவில் தோடை, எலுமிச்சைத் தோட்டங்களிடையே வாழ்ந்த ஓர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்ற விவசாயி 1933 இல், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், அதனைக் கண்டுபிடித்தார். பாய்ந்து வரும் நீர்த்தாரை ஒரு சிறு கரத்தைத் தள்ளுகிறது. வில்லுச்சுருள் அதனை மீண்டும் இழுத்து அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தூவி சிறிது திரும்புகிறது. வேகமாகச் சுழலாது மெதுவாகத் திரும்புவதால் நீர் தூரத்துக்கும் சீராகவும் விழுகிறது. அயலவரான கிளெமென்ட் லா ஃபெற்றாவும் மனைவியாரும் தமது களஞ்சியக் கொட்டிலில் அதனைத் தயாரிக்கத் தொடங்கினர். அதுவே ‘ரெயின் பேர்ட்’ நிறுவனமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இரும்புக் குழாயின் இடத்தைப் பிளாஸ்டிக் குழாய் பிடித்தது. வாளால் அறுத்துப் பசை பூசி ஒட்டக்கூடிய குழாய் வந்ததும் வீட்டுக்காரரே தொழிலாளியானார்.

கிளெண்டோராவின் விவசாயி தீர்க்க முயன்ற அதே சிக்கலை எமது விவசாயி துலாவினால் தீர்த்துவந்தார். ஆறில்லாத குடாநாட்டில் கிணறே கதி. விடியுமுன்னர் ஒருவர் துலாவின் மீது முன்னும் பின்னுமாக நடப்பார். இன்னொருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். மூன்றாமவர் மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். எனது தந்தையார் பட்டை பிடித்தவர். நான் சிறுவனாகத் தண்ணீர் மாறினேன். தூக்கத்தில் வரம்பை உடைத்து ஏச்சு வாங்கியதுமுண்டு. துலா மனிதரைக் களைக்க வைத்தது. அதனாலேயே கிணறு களைக்கவில்லை என்பது அப்போது எமக்குத் தெரியாது.

பின்னர் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்கள் செழித்தன. அக்காலத்தில் வெங்காய விலையைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. கிணற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதாக நினைவில்லை. இன்று அதனை எனது தொழிலின் குறையாகவே கருதுகிறேன். 1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டு, மண்ணெண்ணெய் பொன்விலை விற்றபோது, கைவிடப்பட்ட துலாக்கள் பல தோட்டங்களில் மீண்டும் ஏறின. என் தந்தையார் அப்போது முதுமையடைந்திருந்தார். ஆயினும் பட்டை கட்டும் முறையை அயற்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தது அவரே.

குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்ற உண்மையை நிலாவரைக் கிணறு எவருக்கும் காட்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். அத்துடன் தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் பல கிணறுகளில் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனி மருமகனின் புற்றரைக்கு வருவோம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் நீர் என்பது சரியாக 1 லீற்றர். வட அமெரிக்காவில் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீற்றர் என்பது பொதுவான கணக்கு. 200 சதுர மீற்றர் புற்றரைக்கு அது வாரத்துக்கு 5,000 லீற்றர். ஊரில், சோளகம் வீசும் மாதங்களில், மழையுமின்றி வெயிலும் எரிக்கையில் அது போதாது. தூவிய நீரில் ஒரு பங்கைக் காற்றே அள்ளிச் செல்லும். ரொறன்ரோவில் கோடை மழை வந்து கைகொடுக்கும். ஊரில் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

தூவல் முறையை நான் பழிக்கவில்லை. கற்பிட்டியின் மணல் நிலங்களில் வெங்காயத்துக்கு அது நன்கு பயன்பட்டு வருகிறது. வாய்க்காலில் ஓடவிட்டு நிலம் குடிக்கும் நீரை அது மிச்சப்படுத்தவும் செய்கிறது. அதே குழாய்களை அப்புவின் காணியில் வெங்காயத்துக்கோ கத்தரிக்கோ பூட்டினால் நானே அகழி வெட்ட வருவேன் என்று மருமகனுக்கு எழுதினேன். அவர் சிரித்துவிட்டு, “தோட்டம் செய்ய ஆர் மாமா அங்கை இருக்கினம்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

ஆயினும் ஒன்றுக்கு அவர் இணங்கியிருக்கிறார். வளவைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஆவணி முடிவதற்குள் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, ஒரு போத்தல் நீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பார். அந்த அளவு வந்த பின்னரே குழாய் வாங்குவது என்று பேசிக்கொண்டோம்.