எல்.எம்.பி. டாக்டர்கள்: ஒரு படிப்பு நிறுத்தப்பட்டபோது

ஒரு கல்லூரி ஒரு படிப்பை நிறுத்திவிட்டு வேறு படிப்பு ஆரம்பித்தால் யாருக்கு என்ன ஆகும்? சிவில், மெக்கானிக்கல் வகுப்புகளை மூடிவிட்டு ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று போர்டு மாட்டும் பொறியியல் கல்லூரிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. இதை யோசிக்க நம்ம ஊரிலேயே ஒரு நல்ல பழைய உதாரணம் இருக்கிறது. எல்.எம்.பி. என்ற மருத்துவப் படிப்பு.

இன்னைக்கு டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, மருத்துவக் கல்லூரி: இண்டர்மீடியட் முடித்து, பல்கலைக்கழகப் பட்டமாக எம்.பி.பி.எஸ். வாங்குவது. இன்னொன்று, மருத்துவப் பள்ளி: பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேர்ந்து, சுமார் நாலு வருஷத்தில் எல்.எம்.பி. வாங்குவது. இவர்களை லைசென்ஷியேட் என்பார்கள். பட்டதாரி அரசு வேலைக்குப் போனால் அசிஸ்டெண்ட் சர்ஜன், எல்.எம்.பி. போனால் சப் அசிஸ்டெண்ட் சர்ஜன். ஒரே நோயாளி, ஒரே மருந்து, ஆனால் பதவியும் சம்பளமும் வேற வேற.

வேலூர் சி.எம்.சி. ஆரம்பித்ததே இந்த இரண்டாவது வழியில்தான். ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கான மிஷனரி மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். கற்றுக்கொடுத்தது எல்.எம்.பி. முதல் வகுப்பு 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தது. அந்தக் காலத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தொட்ட பெண்களே கொஞ்சம். அதற்கு மேல் சயன்ஸ் எடுத்து இண்டர்மீடியட் படித்த பெண்கள் இன்னும் கொஞ்சம். பள்ளிப் படிப்போடு டாக்டர் ஆகலாம் என்ற ஒரு வாசல் இருந்ததால்தான் இந்தப் பெண்களில் பலர் டாக்டர் ஆக முடிந்தது.

1930களில் காற்று மாறியது. இந்தியப் பட்டங்களை இங்கிலாந்து மருத்துவ கவுன்சில் அங்கீகரிக்குமா, மாட்டாதா என்பது அப்போது பெரிய மானப் பிரச்சினை. 1933-ல் இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம் வந்தது. அது பட்டதாரிகளை மட்டுமே தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டது. லைசென்ஷியேட்டுகளை வெளியே விட்டது. நாட்டில் டாக்டர்களாக வேலை பார்த்தவர்களில் பெரும்பான்மையோர், நாட்டின் மருத்துவ கவுன்சில் கணக்கில் இல்லை! லைசென்ஷியேட்டுகள் தங்கள் சங்கத்தின் மூலம் இதை எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். 1956-ல் புதுச் சட்டம் வந்தபிறகுதான் அவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. நடுவில் 23 வருஷம். ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய பகுதி!

மதராஸ் மாகாணத்திலும் மருத்துவப் பள்ளிகள் ஒன்று கல்லூரியாக உயர வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்ற நிலை வந்தது. ராயபுரம் மருத்துவப் பள்ளி ஸ்டான்லி என்று பெயர் மாறி, 1938-ல் கல்லூரி ஆனது. அப்போது ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரத்துறை டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனிடம் இருந்தது. அவரே ராயபுரம் பள்ளியில் படித்தவர். பர்மாவில் வேலை பார்த்துவிட்டு, பிறகு இங்கிலாந்து போய் மேல்படிப்பு முடித்தார். பள்ளியில் நுழைந்து மேலே ஏறியவருக்கு ஒரு உதாரணம் அவர். ஆனால் கப்பல் ஏற வசதி இல்லாதவர்களுக்கு அந்த ஏணி கிடையாது.

ஸ்டான்லி அரசுப் பள்ளி, அரசே பணம் போட்டு உயர்த்தியது. வேலூருக்கு அந்த வசதி இல்லை. எம்.பி.பி.எஸ். நடத்த நிறைய படுக்கைகள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். இதெல்லாம் இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது! 1942-ல்தான் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க முடிந்தது. பணத்துக்கும் ஆளுக்கும் பல மிஷன்கள் சேர வேண்டியிருந்தது. பெண்களுக்கு மட்டும் என்று கட்டிய இடத்தில் ஆண்களையும் சேர்ப்பதா என்று அமெரிக்காவில் இருந்த ஆதரவாளர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. ஆரம்பத்திலிருந்து பள்ளிக்குப் பணம் திரட்டிய லூசி பீபாடி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கியிருந்தது, இந்தியாவில் நர்சிங்கைப் பட்டப்படிப்பாக முதலில் ஆரம்பித்த இடங்களில் வேலூரும் ஒன்று.

கல்லூரியின் கணக்கில் பார்த்தால் இது வெற்றிக் கதை. வேலூர் இன்று எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மாணவர்கள் கணக்கில் பார்த்தால் மூன்று கூட்டம் தெரிகிறது.

முதல் கூட்டம், ஏற்கெனவே படித்து முடித்தவர்கள். அவர்கள் கையில் இருந்த சான்றிதழில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அதன் மதிப்பு மட்டும் மாறியது. எல்.எம்.பி. முடித்தவர்கள் எம்.பி.பி.எஸ். வாங்க சுருக்கப் படிப்புகள் வந்தன. ஆனால் குடும்பத்தையும் நோயாளிகளையும் விட்டுவிட்டு மறுபடி பெஞ்சில் போய் உட்கார எத்தனை பேரால் முடியும்? சாப்ட்வேரில் புது வெர்ஷன் விட்டால் பழைய ஃபைலும் அதில் திறக்க வேண்டும் என்று பார்ப்போம். படிப்புகளுக்கு அதை யாரும் கட்டாயமாக்குவதில்லை.

இரண்டாவது கூட்டம், மாற்றம் நடக்கும்போது உள்ளே இருப்பவர்கள். இவர்களைத்தான் எல்லா விதியும் முதலில் பார்க்கிறது. இன்றைக்கும் ஏ.ஐ.சி.டி.இ. விதிகளில் படிப்படியாக மூடுதல் என்று ஒன்று உண்டு: முதலாமாண்டு சேர்க்கை நிற்கும், உள்ளே இருப்பவர்கள் முடித்துவிட்டுப் போகலாம். நல்ல விதிதான். ஆனால் ஜூனியர் இல்லாத வகுப்பு, வேறு வேலை தேடும் ஆசிரியர், அரியர் வைத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத நிலை, இதெல்லாம் விதியில் வராது.

மூன்றாவது கூட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: இனி சேரவே முடியாதவர்கள். எல்.எம்.பி. நின்றதும் பள்ளி இறுதி வகுப்போடு டாக்டர் ஆகும் வாசல் மூடியது. இண்டர்மீடியட் கல்லூரி பக்கத்தில் இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு இது என்ன செய்திருக்கும்? அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சேராத மாணவருக்கு ரோல் நம்பர் கிடையாது.

1946-ல் போர் கமிட்டி அறிக்கை, நாடு முழுக்க ஒரே வகை டாக்டர் போதும் என்றது. அப்போது பதிவு செய்த டாக்டர்கள் சுமார் 47,000 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லைசென்ஷியேட்டுகள். கமிட்டிக்குள்ளேயே சிலர் மாற்றுக் கருத்து எழுதினார்கள்: இவ்வளவு பற்றாக்குறை இருக்கும்போது இந்தப் படிப்பை நிறுத்தினால் கிராமத்துக்கு யார் போவார்கள்? தரம் முக்கியம் என்று சொன்னவர்களும் தப்பில்லை. அரைகுறை டாக்டர் ஏழைக்கு மட்டும் போதும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கேள்வி தீரவில்லை. 2001-ல் சத்தீஸ்கர் அரசு மூன்று வருஷ மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பெயர் மாறி, வழக்கு நடந்து, மாணவர்கள் போராடி, கடைசியில் அதுவும் நின்றது. படித்தவர்கள் கிராமப்புற மருத்துவ உதவியாளர் என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலைக்குப் போனார்கள். எல்.எம்.பி. கதையே இன்னொரு தடவை.

அதனால் ஒரு படிப்பு மூடப்படுகிறது என்று செய்தி வந்தால் நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். முடித்தவர்களின் சான்றிதழ் நாளைக்கும் செல்லுமா? உள்ளே இருப்பவர்களுக்குக் கடைசி பேப்பர் வரை ஆசிரியர் இருப்பாரா? இந்த வாசலில் இதுவரை யார் நுழைந்தார்கள், அவர்களுக்கு வேறு வாசல் எது? முதல் இரண்டுக்கு அலுவலகத்தில் பதில் வாங்கலாம். மூன்றாவதுக்கு நாம்தான் தேட வேண்டும்.

உங்க வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எல்.எம்.பி. படித்தவர்களாக இருந்தால், அந்தச் சான்றிதழையும் வகுப்பு போட்டோவையும் பத்திரமாக வைத்திருங்கள். பரணில் இருப்பதைக் கரையானுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.