எண்ணாகிப் போன சிப்பாய்கள்: பஸ்ரா நினைவிடமும் நடுகல் மரபும்

முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929 மார்ச்சில் பஸ்ராவில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. அதன் பலகைகளில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே உண்டு. மற்ற இந்தியர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், அதில் இறந்தவர் இத்தனை பேர் என்ற எண்ணும்தான். டைகிரிஸ் கரையில் குண்டுமழைக்கு நடுவே பாலம் கட்டவும் பாதை போடவும் போன மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

நினைவிடத்தை எழுப்பிய போர்க்கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது. மாண்டவர் ஒவ்வொருவரையும் பதவி, இனம், சமயம் பாராமல் பெயர் சொல்லி நினைவுகூர்வதே அதன் கொள்கை. அக்கொள்கை பஸ்ராவில் கைவிடப்பட்டதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுவதுண்டு. ஆவணங்கள் சரியாக இல்லை என்பது ஒன்று. தனிமனிதருக்குப் பெயர் பொறித்த கல் வைப்பது இந்தியச் சமயத்தாருக்கு உரிய வழக்கமன்று என்பது மற்றொன்று. இரண்டுமே நிற்காதவை என்பது என் வாதம்.

முதலாவதை பிரான்சிலுள்ள நவ் ஷப்பெல் நினைவிடமே மறுக்கிறது. 1927-இல் திறக்கப்பட்ட அதில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன. சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் அடக்கம். அங்கே இறந்தவர்களும் இதே இந்தியப் படையினர்தாம். படையில் சேரும்போதே ஒருவனின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி எல்லாம் பதியப்பட்டன. அவன் இறந்தபின் குடும்பத்துக்கு ஓய்வூதியம் வழங்கவும் அவை தேவைப்பட்டன. ஓய்வூதியக் கணக்குக்குப் பயன்பட்ட பெயர் கல்லுக்கு மட்டும் கிடைக்காமல் போனது எப்படி? ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் பெயர், படாத இடத்தில் எண் என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆணையத்தின் 2021 அறிக்கையும் அன்றைய ஏகாதிபத்திய மனப்போக்கின் இனவெறியை ஒரு காரணமாக ஒப்புக்கொண்டது.

இரண்டாவது சமாதானத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் விடை இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் அது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அரசன் பெயர், ஆண்டு, அவன் யாரிடம் சேவகம் செய்தான், எப்படிப் பட்டான் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும், கோவிவன் என்ற அதன் பெயரையும்கூடக் கல் சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்ந்த காட்டுப்புறத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்த இடம், பேரரசுக்காக மாண்ட சிப்பாய்க்கு மறுக்கப்பட்டது என்பதை எண்ணும்போது மனம் கொதிக்கிறது.

நடுகல் எல்லோருக்கும் கிடைத்த பேறு அன்று; எழுத்தே இல்லாத கற்களும் ஏராளம். ஆயினும் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பைத் தமிழிக் கற்கள் முதல் செங்கம் வட்டார வட்டெழுத்துக் கற்கள் வரை, எழுத்துள்ள இடங்களிலெல்லாம் பெரும்பாலும் பட்டவனின் பெயரே கல்லின் மையம். எழுத்து அரிதாக இருந்த காலத்தில், ஆநிரைப் பூசலில் இறந்த சேவகனுக்காக ஊரார் ஒரு கல்தச்சனையும் எழுதத் தெரிந்தவனையும் தேடிப்பிடித்திருக்கிறார்கள். பெயர் பொறிப்பது இம்மண்ணுக்கு அந்நியம் என்று சொன்னவர்கள் இம்மண்ணைப் பார்க்கவில்லை.

போருக்குப் பின் ஆங்கில அரசு நம் ஊர்கள் சிலவற்றில் பதித்த பலகைகளும் பஸ்ராவின் வழியிலேயே செல்கின்றன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. ஆணையத்தின் பதிவேடுகளில் இந்தியர் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் தரப்பட்டுள்ளன. அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து, இப்பலகைகளோடு பொருத்திப் பார்க்கும் வேலையை மாவட்ட வரலாற்று ஆய்வாளர்கள் கையில் எடுக்க வேண்டும்.