கணினிவழி மொத்தச் செயலி நிறுவல்

பிளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலியாகத் தேடி இறக்காமல், கணினியில் சேர்த்துவைத்திருக்கும் கோப்புகளிலிருந்து பல செயலிகளைக் கேபிள் வழியே ஒரே தடவையில் கைபேசிக்குள் ஏற்றுவது மொத்தச் செயலி நிறுவல் எனப்படும். செயலி எழுதுவோர் சோதனைக்காகவும், கைபேசிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர் வசதிக்காகவும், பள்ளிகளும் அரசுத் துறைகளும் நூற்றுக்கணக்கான கருவிகளை ஒரே மாதிரி தயார்செய்யவும் இதைக் கையாள்கிறார்கள். இந்தியாவில் மிகப் பெரும்பாலான கைபேசிகள் ஆண்ட்ராய்டில் இயங்குவதால் இக்கட்டுரை அதையே முதன்மையாகக் கொள்கிறது.

செஞ்சியும் தேவையும்

இதன் தேவையை உணர ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைக்கோட்டைகளால் பெயர் பெற்றது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். கோட்டையைப் பார்க்க வருவோருக்கு அது சுற்றுலாத்தலம். சுற்றுவட்டார கிராமத்தாருக்கோ செஞ்சி என்பது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை, பேருந்து நிலையம், கடைத்தெரு. கைபேசி வாங்குவதும் பழுதுபார்ப்பதும் அங்கேதான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கைபேசிக்குள் இன்று எத்தனை செயலிகள் இருந்தாக வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் தேவை விளங்கும். வாட்ஸ்ஆப்பும் பணம் அனுப்பும் செயலியும் எல்லோருக்கும் வேண்டும். விவசாயிக்குத் தமிழக அரசு 2018இல் கொண்டுவந்த உழவன் செயலி. அங்கன்வாடிப் பணியாளருக்கு 2021 முதல் போஷன் டிராக்கர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைப் பதிய ஆசிரியர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் டி.என்.எஸ்.இ.டி. செயலி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு என்.எம்.எம்.எஸ். செயலியில் கட்டாயமானதும், பணித்தளப் பொறுப்பாளரின் கைபேசி வேலை செய்யாத நாளில் கூலிக்கணக்கே சிக்கலாகும் நிலை வந்தது. இது சொகுசுக்காக எழுந்த தேவை அல்ல, பிழைப்பில் பிறந்தது. தினம் ஒன்றரை ஜி.பி. கணக்கில் ரீசார்ஜ் செய்பவருக்குப் புதுக் கைபேசியில் பத்துச் செயலிகளை இறக்குவதற்குள் அன்றைய டேட்டாவின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கணினியிலிருந்து ஏற்றினால் ஒரு எம்.பி.கூடச் செலவாகாது.

முன்கதை

ஸ்மார்ட்போனுக்கு முன்பே கடைக்காரரின் கணினி இந்த வேலையைச் செய்துவந்தது. நோக்கியா கைபேசிகளுக்கு 'பி.சி. சூட்' மென்பொருள் வழியே ஜாவா விளையாட்டுகளை ஏற்றினார்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது தனித் தொழிலாகவே நடந்தது. ஆண்ட்ராய்டு வந்தபின், 2011 பிப்ரவரியில் கூகுள் தன் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டுக்கு இணையதளம் திறந்தது. கணினியில் ஒரு செயலியைத் தேர்ந்தால், அதே கூகுள் கணக்கில் உள்ள கைபேசியில் அது தானே இறங்கும். பிளே ஸ்டோர் என்று பெயர் மாறிய பின்னும் அந்த வசதி தொடர்கிறது. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் தேர வேண்டும், செலவாவதும் கைபேசியின் இணையமே.

2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் டேட்டா விலை அதிகம். அதனால் செயலிகள் கைபேசியிலிருந்து கைபேசிக்கே தாவின. அதற்கு உதவிய ஷேர்இட், செண்டர் ஆகிய பகிர்வுச் செயலிகள் இரண்டும் அந்தக் காலத்தின் செல்லப்பிள்ளைகள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளின் பட்டியலில் இரண்டுமே இருந்தன. அந்த இடத்தைப் பின்னர் கூகுளின் நியர்பை ஷேர் பிடித்தது. 2024இல் அதன் பெயர் குயிக் ஷேர் என்றாயிற்று.

செய்முறை

கூகுள் இலவசமாகத் தரும் 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' தொகுப்பில் ஏ.டி.பி., அதாவது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ், என்ற சிறு கருவி இருக்கிறது. கணினியில் பளபளப்பான பெயர்களில் உலவும் 'மொத்த இன்ஸ்டாலர்' மென்பொருள்களில் பல, உள்ளே இந்தக் கருவியைத்தான் ஓட்டுகின்றன. ஆகவே மூலக் கருவியையே பயன்படுத்துவது நல்லது. அதில் விளம்பரமும் இல்லை, அறியாத துணைமென்பொருளும் ஒட்டிக்கொண்டு வராது.

முதலில் கைபேசியைத் தயார்செய்ய வேண்டும். அமைப்புகளில் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கிவிட்டுக் கேபிளைச் செருகினால், கைபேசி ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசையைக் காட்டி, இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று கேட்கும். 2013இல் ஆண்ட்ராய்டு 4.2.2 பதிப்புடன் வந்த பாதுகாப்பு இது. ரெட்மி, போகோ போன்ற ஷியோமி கைபேசிகளில் 'இன்ஸ்டால் வயா யு.எஸ்.பி.' என்று இன்னொரு பொத்தானும் உண்டு. அதை இயக்க மி கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், சிம்மும் உள்ளே இருக்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்.

இனி கணினியின் முறை. ஆண்ட்ராய்டுச் செயலிகளின் நிறுவல் கோப்புகளான ஏ.பி.கே. கோப்புகள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். கட்டளை எழுதும் கறுப்புத் திரையில் 'ஏடிபி டிவைசஸ்' கட்டளை கொடுத்தால் இணைந்திருக்கும் கைபேசிகளின் தொடர் எண்கள் வரிசையாக வரும். எண்ணுக்குப் பக்கத்தில் 'டிவைஸ்' என்றிருந்தால் தயார். 'அன்ஆத்தரைஸ்டு' என்றிருந்தால் கைபேசித் திரையில் கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்று பொருள். பிறகு, கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் 'ஏடிபி இன்ஸ்டால்' கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும்படி ஓரிரு வரிச் சுழற்சி எழுதினால் போதும். ஒவ்வொன்றும் முடிந்ததும் 'சக்சஸ்' என்று திரை சொல்லும். பல கைபேசிகள் என்றால், தனி மின்னிணைப்புள்ள யு.எஸ்.பி. ஹப்பில் எல்லாவற்றையும் செருகி, தொடர் எண்ணைக் குறிப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் இதே சுழற்சியை ஓட்டலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்க முடிகிறது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய கட்டளை ஒன்று உண்டு. 'இன்ஸ்டால்-மல்டிபிள்' என்பது பல செயலிகளுக்கானது அல்ல. ஒரே செயலியின் பல துண்டுகளுக்கானது. 2018இல் கூகுள் ஆப் பண்டில் முறையைக் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதுச் செயலிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அந்த முறையில் அடிப்படைக் கோப்பு தனி, மொழிக்கான துண்டு தனி, திரை அளவுக்கும் பிராசசர் சில்லுக்கும் தனித்தனித் துண்டுகள். ஒரு கைபேசியிலிருந்து அடிப்படைக் கோப்பை மட்டும் எடுத்து இன்னொன்றில் போட்டால் நிறுவலே தோற்கும், அல்லது திறந்ததும் செயலி மூடிக்கொள்ளும். உண்மையிலேயே பல செயலிகளை ஒரே கட்டாக ஏற்றும் கட்டளை 'இன்ஸ்டால்-மல்டி-பேக்கேஜ்'. ஆண்ட்ராய்டு 10 முதல் கிடைக்கும் அந்த வசதியில் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது.

நிறுவல் தோற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கைபேசியில் இடம் போதாமல் இருக்கலாம், 64 பிட் கோப்பை 32 பிட் கைபேசியில் ஏற்ற முயன்றிருக்கலாம். ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய பதிப்புகளுக்காக எழுதப்பட்ட செயலிகளை ஏற்க மறுக்கும்.

கையொப்பமும் அதன் எல்லையும்

ஒவ்வொரு ஏ.பி.கே. கோப்பிலும் அதை உருவாக்கியவரின் மின்கையொப்பம் இருக்கும். ஏற்கெனவே உள்ள செயலியின் பெயரிலேயே வேறு கையொப்பத்தோடு ஒரு கோப்பு வந்தால் ஆண்ட்ராய்டு அதை உள்ளே விடாது. அசலை அழித்துப் போலி உட்காருவதைத் தடுக்கும் வலுவான காவல் இது. ஆனால் ஒரு செயலி முதன்முறையாக ஏறும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கையொப்பம் எதுவும் கைபேசியில் இல்லை. கடையில் புதுக் கைபேசிக்கு நடப்பதோ முழுக்க முழுக்க முதல் நிறுவல்தான். எனவே கடைக்காரரின் கோப்புறையில் உள்ள கோப்பு எங்கிருந்து வந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செயலியைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ, எஃப்-டிராய்டு போன்ற திறமூலக் கிடங்கிலிருந்தோ எடுத்ததானால் நம்பலாம். வாட்ஸ்ஆப் குழுவில் வந்ததை நம்பக் கூடாது.

அசல் கையொப்பம் கொண்ட கோப்பை ஏற்றியிருந்தால் பின்னர் பிளே ஸ்டோர் அதைப் புதுப்பிக்கவும் முடியும். மாதக்கணக்கில் மாற்றாத கோப்புறையிலிருந்து ஏற்றுவது அப்படியும் வீண்வேலைதான். அரசுச் செயலிகள் பழைய பதிப்பைத் திறந்ததுமே புதுப்பிக்கச் சொல்லும். மிச்சப்படுத்திய டேட்டா அதிலேயே போய்விடும்.

அனுமதி யாருடையது

ஆண்ட்ராய்டு 6 முதல், தொடர்பு எண்கள், கேமரா, குறுஞ்செய்தி ஆகியவற்றைத் தொட ஒரு செயலி உரிமையாளரிடம் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டும். ஏ.டி.பி. நிறுவல் கட்டளையில் 'ஜி' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தால் அந்த அனுமதிகள் அத்தனையும் கேள்வியின்றி வழங்கப்பட்டுவிடும். சோதனைக் கூடத்தில் இது பயனுள்ள வசதி. பிறர் கைபேசியில் இதைச் செய்வது, வீட்டுக்காரர் இல்லாதபோது அவர் பீரோவைத் திறந்துவைப்பதற்குச் சமம். ஓ.டி.பி. வரும் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி அதில் அடங்கும்போது வங்கிக் கணக்கே ஆபத்தில் நிற்கிறது. வாடிக்கையாளர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் கடைக்காரரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. எந்தெந்தச் செயலி ஏறுகிறது, அது எதைக் கேட்கிறது என்று வாயால் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகே ஏற்ற வேண்டும்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு ஆகியவற்றின் பெயரில் வாட்ஸ்ஆப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பிப் பணம் சுருட்டும் மோசடிகள் பற்றி அண்மை ஆண்டுகளில் காவல்துறையினர் எச்சரித்துவருகிறார்கள். இத்தகைய கோப்புகள் கேபிள் வழியே நுழையாமலிருக்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் யு.எஸ்.பி. வழியே வரும் செயலிகளைச் சரிபார்க்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. வேகமாக முடிய வேண்டும் என்று அதை அணைப்பது தவறு.

பேரளவு நிறுவல்

தமிழக அரசு 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கத் தொடங்கியபோது அறிவித்த எண்ணிக்கை 79 ஆயிரத்துக்கும் மேல். இந்த அளவுக்குக் கேபிள் சரிப்படாது. இதற்கென உள்ளது எம்.டி.எம். எனும் கருவி மேலாண்மை முறை. புதுக் கருவியின் வரவேற்புத் திரையை ஆறு முறை தட்டினால் கியூ.ஆர். குறியீட்டைப் படிக்கும் கேமரா திறக்கும். நிறுவனத்தின் குறியீட்டைக் காட்டியதும் தேவையான செயலிகள் தாமே இறங்கும், புதுப்பித்தலும் தூரத்திலிருந்தே நடக்கும். சாம்சங்கின் நாக்ஸ், கூகுளின் ஜீரோ-டச் ஆகியவற்றில் அந்தக் குறியீடும் வேண்டியதில்லை. இந்த முறை நிறுவனம் தன் பணத்தில் வாங்கித் தந்த கருவிக்கே பொருந்தும். ஊழியர் சொந்தக் காசில் வாங்கிய கைபேசியை முழுக் கட்டுப்பாட்டில் எடுப்பது முறையாகாது.

ஐபோனில் இதற்கு வழி குறுகல். ஐடியூன்ஸில் இருந்த செயலி ஏற்றும் வசதியை ஆப்பிள் 2017இல் வெளிவந்த 12.7 பதிப்போடு நீக்கியது. மேக் கணினிக்கான ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் இன்னும் உண்டு.

நிறுவிய பின்

கடையில் செயலிகளை ஏற்றிக்கொண்டால், வேலை முடிந்து கிளம்பும் முன் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் போய், முன்பு அனுமதித்த கணினிகளின் பட்டியலை ரத்துசெய்யுங்கள். யு.எஸ்.பி. டீபக்கிங்கை அணையுங்கள். அது திறந்தே இருந்தால், 'எப்போதும் அனுமதி' என்று ஒருமுறை ஒப்புக்கொண்ட கணினி அடுத்த தடவை கேள்வி கேட்காமலே உள்ளே நுழையும். பிறகு அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, நீங்கள் கேட்காத எதுவும் இருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். பணம் பறிபோனதாகச் சந்தேகம் எழுந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.