'டோகுரா மாகுரா'வை வாசித்தவர்கள்

1935 ஜனவரியில் ஜப்பானின் ஷோஹாக்குகான் பதிப்பகம் 'டோகுரா மாகுரா' என்ற பெரிய நாவலை வெளியிட்டது. எழுதியவர் யுமெனோ கியூசாக்கு. துப்பறியும் நாவல் என்ற அடையாளத்தோடு வந்த இந்தப் புத்தகத்தில் கொலை உண்டு, தடயம் உண்டு, விசாரணையும் உண்டு. ஆனால் எல்லாம் செய்தது யார் என்ற கேள்விக்குக் கடைசிப் பக்கம் வரை உறுதியான விடை இல்லை. தொண்ணூறு ஆண்டுகளாக இந்த நாவலைப் பற்றி வாசகர்கள் சொல்லிவந்த கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒவ்வொரு தலைமுறையும் துப்பறியும் கதையிடம் எதை எதிர்பார்த்தது என்பதை அந்த முரண்களே காட்டித் தருகின்றன.

கடிகாரம் அடிக்கும் ஓசையோடு கதை தொடங்குகிறது. கியூஷு பேரரசுப் பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவு, 7ஆம் எண் அறை. அங்கே கண்விழிக்கும் இளைஞனுக்குத் தன் பெயரும் தெரியவில்லை, முகமும் நினைவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் சுவரைத் தட்டி அவனை அழைக்கிறாள். தான் அவனுடைய மணப்பெண் என்கிறாள், திருமணத்துக்கு முந்தைய இரவு அவன் தன்னைக் கொன்றுவிட்டதாகவும் சொல்கிறாள். தடயவியல் பேராசிரியர் வகாபயாஷி வந்து, நினைவு திரும்ப உதவும் என்று ஆவணங்களைக் காட்டுகிறார். மனநோய்ப் பேராசிரியர் மசாகி எழுதியவை அவை. மூளை சிந்திக்கும் உறுப்பே அல்ல என்கிறது ஒன்று. கருவிலிருக்கும் சிசு பரிணாம வரலாறு முழுவதையும் கனவாகக் காண்கிறது என்கிறது மற்றொன்று. இவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய ஓவியச் சுருள் இருக்கிறது. சீனத்தின் தாங் அரசர் காலத்து ஓவியன் ஒருவன் தன் மனைவியைக் கொன்று, அவள் உடல் அழுகிச் சிதையும் நிலைகளை அதில் வரைந்து வைத்திருக்கிறான். அவனுடைய வம்சத்தில் அதைப் பார்க்கும் ஆண்களுக்குப் பித்துப் பிடிக்கிறது. அந்த வம்சத்தில் வந்த குரே இச்சிரோ என்ற இளைஞன்தான் தானா என்ற கேள்வி நாவல் முழுக்கக் கதைசொல்லியைத் துரத்துகிறது.

யுமெனோ கியூசாக்குவின் இயற்பெயர் சுகியாமா நாவோகி. 1889இல் ஃபுகுவோகாவில் பிறந்தார். தந்தை சுகியாமா ஷிகெமாரு, பதவி எதுவும் ஏற்காமலே அரசியலின் உள்வட்டத்தில் செல்வாக்கோடு இருந்தவர். மகனோ பௌத்தத் துறவியாகி, பண்ணை நடத்தி, நோ நாடகக் கலை கற்பித்து, செய்தியாளராகவும் வேலை பார்த்தார். 'ஷின்செய்னென்' இதழ் 1926இல் நடத்திய போட்டியில் இவருடைய சிறுகதை இரண்டாம் பரிசு பெற்றது. அன்றைய துப்பறியும் எழுத்தின் முன்னோடியான எதோகாவா ரான்போ அதைப் பாராட்டவில்லை. கடுமையாகவே குறை சொன்னார். 1929இல் வந்த மற்றொரு கதையை வாசித்த பிறகு அதே ரான்போ மனம் திறந்து புகழ்ந்தார். இந்த எழுத்தாளருக்கு அமைந்த முதல் பெரிய வாசகர் ரான்போதான். அவருடைய கருத்தே மூன்று ஆண்டுகளில் தலைகீழானது.

'டோகுரா மாகுரா'வின் முதல் வரைவு தொடங்கியதும் 1926 வாக்கில்தான். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதைத் திருத்தித் திருத்தி எழுதினார். நூலாக வந்தபோது துப்பறியும் கதை வாசகர்கள் இரு அணிகளாகப் பிரிந்திருந்தனர். புதிர், தர்க்கம், தீர்வு என்ற ஒழுங்கில் நடப்பதே அசல் துப்பறியும் கதை என்று கோகா சபுரோ போன்றவர்கள் வலியுறுத்தினர். கோரம், பித்து, மாயம் ஆகியவற்றை நம்பி எழுதியவர்கள் மாற்று அணியில் வைக்கப்பட்டனர். யுமெனோ இந்த இரண்டாம் அணியில் சேர்க்கப்பட்டார். தீர்வைத் தேடி வந்தவர்களுக்கு நாவல் ஏமாற்றமாக இருந்தது. கோரத்தை விரும்பி வந்தவர்கள் நடுவில் குவிந்திருந்த ஆய்வுக் கட்டுரைகளைக் கண்டு திகைத்தார்கள். பரவலான வரவேற்பு கிடைக்கவில்லை. 1936 மார்ச் 11 அன்று யுமெனோ தோக்கியோவில் திடீரென இறந்தார். அப்போது அவருக்கு வயது 47. போர்க்காலத் தணிக்கை துப்பறியும் எழுத்தையே ஒடுக்கியபோது இந்த நாவலும் பார்வையிலிருந்து மறைந்தது.

அது திரும்பி வந்த பாதை கவனிக்கத்தக்கது. 1956இல் ஹயகாவா பதிப்பகத்தின் பாக்கெட் மர்ம நாவல் வரிசையில் மறுபதிப்பு வந்தது. ஆனாலும் பேச்சின் போக்கை மாற்றியது 1962இல் மெய்யியலாளர் சுருமி ஷுன்சுகே எழுதிய கட்டுரைதான். பொழுதுபோக்கு நூல் என்று ஒதுக்கப்பட்டிருந்ததை அவர் சிந்தனை நூலாக எடுத்துப் பேசினார். 'நான்' என்று எதை வைத்துச் சொல்கிறோம், வம்சமும் வரலாறும் ஒரு மனிதனுக்குள் எவ்வளவு தூரம் இறங்கி நிற்கின்றன என்ற கேள்விகளோடு புதிய வாசகர்கள் நாவலுக்குள் வந்தார்கள். 1969இல் சான்இச்சி பதிப்பகம் யுமெனோவின் முழுத் தொகுப்பை வெளியிடத் தொடங்கியது. அது மாணவர் கிளர்ச்சிகளின் காலம். மனநோய் விடுதிகளின் கொடுமையை ஊர் ஊராகப் பாடித் திரியும் பிச்சைக்காரப் பாடகனின் வடிவில் மசாகி எழுதும் நீண்ட பாட்டு, அந்தத் தலைமுறையின் காதில் நேரான குற்றச்சாட்டாகவே விழுந்திருக்கும். அதற்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. நோயாளிகளை வீட்டிலேயே கூண்டில் அடைத்து வைக்க 1900ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அந்தக் கூண்டுகளை நேரில் ஆய்ந்து 1918இல் அறிக்கை வெளியிட்ட மருத்துவர் குரே ஷூசோவின் குடும்பப் பெயரே நாவலின் வம்சத்துக்கும் இருக்கிறது.

1976இல் கதோகாவா மலிவுப் பதிப்பு இரண்டு பாகங்களாக வந்து நாவலைப் பெருந்திரளிடம் கொண்டு சேர்த்தது. யொனெகுரா மசாகானே வரைந்த துணிச்சலான அட்டைப்படமும், இதைப் படிப்பவர் ஒருமுறையாவது மனம் பேதலிப்பார் என்ற பொருளில் அச்சான விளம்பர வாசகமும் இன்றுவரை பேசப்படுகின்றன. அந்த எச்சரிக்கைக்காகவே வாங்கியவர்கள் உண்டு; படித்துவிட்டுத் தமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று குறைப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அது பதிப்பகத்தாரின் வெறும் சரக்கல்ல. அதற்கான விதை நாவலிலேயே இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு நோயாளி எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கதைசொல்லி கையில் எடுக்கிறான். அதன் தலைப்பும் 'டோகுரா மாகுரா'. அதுவும் கடிகார ஓசையில் தொடங்கி அதே ஓசையில் முடிகிறது. அதை வாசித்தவர்களின் தலை குழம்பிப்போனதை வகாபயாஷி விவரிக்கிறார். தன்னைப் பற்றிய முதல் மதிப்புரையை நாவல் தானே எழுதி வைத்துக்கொண்டது. யுமெனோவின் கைத்திறன் உச்சம் தொடும் இடம் இதுவே.

ஓகுரி முஷிதாரோ 1934இல் தொடராக எழுதிய 'கருமரண மாளிகைக் கொலைகள்', நகாய் ஹிடெயோ 1964இல் வெளியிட்ட 'வெறுமைக்குப் படையல்' ஆகியவற்றோடு சேர்த்து 'டோகுரா மாகுரா'வை ஜப்பானிய மர்ம இலக்கியத்தின் மூன்று விசித்திர நூல்கள் என்று அழைக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. 1988இல் மட்சுமோட்டோ தோஷியோ இதைத் திரைப்படமாக்கினார். மசாகியாக நடித்தவர் ராகுகோ என்னும் நகைச்சுவைக் கதைசொல்லும் கலையில் பேர்பெற்ற கட்சுரா ஷிஜாக்கு. 2003இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஜப்பானிய மூலம் இப்போது யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

வாசகர்கள் அதிகம் குறை சொல்வது நடுப்பகுதியைத்தான். கதையை நிறுத்திவிட்டுப் பாட்டு, நேர்காணல், ஆய்வுரை, உயில் என்று ஆவணங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கேயே புத்தகத்தை மூடியவர்கள் பலர். அந்தக் குறை நியாயமானதே. பாட்டின் நீளம் பொறுமையை உண்மையாகவே சோதிக்கிறது. ஆனாலும் அந்தச் சோர்வு வீணல்ல. காகிதக் குவியலைக் கொடுத்து 'இது நீதான்' என்று சொல்லப்படும் இளைஞனின் நிலைக்கு வாசகரையும் தள்ளுவதற்கு யுமெனோ தேர்ந்த வழி அதுதான். பிற்கால வாசகர்கள் எழுப்பும் ஆட்சேபம் இன்னும் ஆழமானது. ஓவியனின் மனைவியும் பக்கத்து அறைப் பெண்ணும் கொல்லப்படவும் பார்க்கப்படவுமே படைக்கப்பட்டிருக்கிறார்கள். குற்றம் இரத்தத்தில் வருகிறது என்ற எண்ணத்தை நாவல் கேள்வி கேட்கிறதா, அதன் கவர்ச்சியிலேயே மயங்கி நிற்கிறதா என்பதும் தெளிவாக இல்லை. இந்த ஆட்சேபத்துக்கு நாவலில் போதிய பதில் இல்லை.

முடிவைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. கதைசொல்லி குரே இச்சிரோவேதான், இரு பேராசிரியர்களின் போட்டிக்குப் பலியானவன் என்பது ஒரு தரப்பு. மருத்துவமனை, பேராசிரியர்கள், கொலைகள் எல்லாமே பிறக்காத சிசு ஒன்று கருவறையில் காணும் கனவு என்பது மறுதரப்பு. முதல் தரப்பார் ஆவணங்களிலுள்ள தேதிகளையும் சாட்சியங்களையும் காட்டுகிறார்கள். இரண்டாம் தரப்பார் மசாகியின் சிசுக் கனவுக் கொள்கையையும், தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிக்கும் ஒரே கடிகாரத்தையும் காட்டுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடப் போதுமான சான்றை யுமெனோ எந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை.