பாரசீகக் காத்துக் கோபுரமும் நம்ம ஊர் வளவு வாசலும்

1/ போன மே மாசம், ராத்திரி 10 மணி. ஒரு பாட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பு கொதிக்குது, பேச்சு குழறுது. ஹீட் ஸ்ட்ரோக். "வெயில்ல அலைஞ்சாங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், வீட்டுக்குள்ளதான் படுத்திருந்தாங்க"ன்னார் மகன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஒரு ஜன்னல்.

2/ கரண்டே இல்லாத காலத்துல, இதைவிடக் கடும் வெயில்ல வாழ்ந்தவங்க எப்படி வீடு கட்டினாங்க? அதைப் பார்க்க ஈரான் வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க.

3/ ஈரானின் நடுவே, பாலைவனத்தை ஒட்டி யஸ்த் நகரம். கோடையில 40 டிகிரி சர்வ சாதாரணம். பழைய வீடுகளை வெளியே இருந்து பார்த்தா வெறும் மண் சுவர். உள்ளே போனா நடுவுல முற்றம், தண்ணித் தொட்டி, சுத்தி அறைகள். தடிமனான பச்சைச் செங்கல் சுவரைத் தாண்டி சூடு உள்ளே வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.

4/ கூரை மேல 'பாத்கீர்', அதாவது காத்தைப் பிடிக்கும் கோபுரம். உயரத்துல வீசுற காத்தை அறைக்குள்ள இறக்கும். சில இடங்கள்ல அந்தக் காத்து தண்ணி மேல பட்டு வரும். தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும். நம்ம உடம்புல வேர்வை செய்யுற அதே வேலை! அங்கே தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் 33 மீட்டருக்கும் மேல. 2017-ல் யஸ்த் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது.

5/ இப்ப நம்ம மாவட்டம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு நகரத்தார் வீடுகளைப் பாருங்க. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு. நடுவுல வானம் பார்த்த வாசல். முன்வாசல்ல நின்னா பின்கட்டு வரை நேரா தெரியும். காத்து அதே வழியில ஓடும், சூடான காத்து வாசல் வழியா மேல போயிடும். சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் கூடுதல் குளிர்ச்சி.

6/ பாரசீகத்தைப் பார்த்துக் கட்டினதா? இல்லைங்க. முற்றம் வச்ச வீடு நம்மகிட்டயும் ரொம்பப் பழசு. ரெண்டு ஊருக்கும் ஒரே எதிரி, வெயில். ஆனா அங்கே வறண்ட காத்து, தண்ணி வச்சே குளிர வைக்கலாம். நம்ம காத்துல ஈரம் அதிகம், வேர்வை காய காத்தோட்டம்தான் கைகொடுக்கும்.

7/ ஈரான்ல 1930-கள்ல, ரேசா ஷா காலத்துல, பழைய தெருக்களை ஊடறுத்து அகலமான சாலைகள் போட்டாங்க. அப்புறம் கான்கிரீட், அடுக்குமாடி, ஏர்கூலர். நாமளும் முற்றத்தை மூடி ஹால் ஆக்கிட்டோம்.

8/ அந்தப் பெரிய வீடுகள் வசதியானவங்களுக்குத்தான். உண்மை. ஆனா ஏழை வீட்டுக் கீத்துக் கூரையும் ஷீட்டை விடக் குளுமைதானே? பகல் சூட்டுல இருந்து உடம்பு தேறுறது ராத்திரியிலதான். அப்பவும் அறை கொதிச்சா, வயசானவங்க, குழந்தைங்க, நீர் மாத்திரை எடுக்குறவங்க தாங்க மாட்டாங்க.

9/ வீடு கட்டுறீங்களா? எதிரெதிர் ஜன்னல் வைங்க. மேல சூடு வெளியேற வழி விடுங்க. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. பெரியவங்களை மத்தியானம் ஷீட் அறையில படுக்க வைக்காதீங்க.

10/ பாட்டி பிழைச்சுட்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "எதிர் சுவத்துல ஒரு ஜன்னல்."